சின்னப்பராஜா, மணல் மூட்டையா?

சின்னப்பராஜின் காக்கிக் கால்சட்டையில் எப்போதும் இடது பக்கம்தான் கிழியும். வலது பக்கம் தைத்த அன்றைய மொடமொடப்போடு அப்படியே நிற்கும். பார்த்துப் பார்த்து மனம் நொந்த உத்தமபாளையத்து டெய்லர் ஒருநாள், "எதுக்குண்ணே முழுசா ஒண்ணு? வருசத்துக்கு ஒரு இடது பாதி தச்சுத் தாரேன், பழைய வலது பாதியோட சேத்து மூட்டிக்கிருவோம்" என்று யோசனை சொன்னார். அப்படி ஒரே வலது பாதி ஒன்பது இடது பாதிகளோடு குடும்பம் நடத்தியது. நம்பாதவர்கள் டெய்லரிடமே கேட்டுக்கொள்ளலாம். அவர் பன்னிரண்டு என்பார்.

எல்லாம் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்பு செய்த வேலை. கம்பத்தில் விடிகாலையில் ஆட்களை ஏற்றி, மலை மேலே கேரளத்துப் பக்கத் தோட்டங்களில் இறக்கி, சாயங்காலம் திரும்ப அள்ளிக்கொண்டு வரும் ஜீப்பை அவர் முப்பத்தோரு வருஷம் ஓட்டினார். அந்த ஜீப்புக்குள் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கியவர் உண்டு, எண்ணி முடித்தவர் இல்லை. முன் சீட்டில் மட்டும் நான்கு பெண்கள், நான்கு தூக்குவாளி. அவர்கள் உட்கார்ந்து, சேலையை ஒதுக்கி, வெற்றிலையை மடித்து வாயில் போட்டு, "ம், எடுங்க" என்று உத்தரவு கொடுத்த பிறகு மிச்சமிருக்கும் இடம் டிரைவருக்கு. அது ஒரு சாணுக்கு மேல் இருந்ததே இல்லை. அந்தச் சாணில் இடது பாதியை ஊன்றிக்கொண்டு, வலது பக்கத்துத் தொடை, தோள், காது ஆகியவற்றை மலைக்காற்றில் தொங்கவிட்டு ஓட்டுவதுதான் அந்தப் பாதையில் எல்லா டிரைவர்களுக்கும் முறை. வளைவில் திரும்பும்போது சின்னப்பராஜின் வலது பாதிக்குக் கீழே ஆயிரம் அடிக்குத் தரை கிடையாது.

பழக்கம் உடம்பில் ஏறிவிட்டது. மாதா கோவிலில் பூசைக்குப் போனால் பெஞ்சின் வலது ஓரத்தில் பாதி உட்கார்ந்து, மீதிப் பாதியை நடைபாதையில் விட்டுவிடுவார். கல்யாணப் போட்டோவில் லூர்து மேரி முழுசாகவும் மாப்பிள்ளை பாதியாகவும் இருக்கிறார்கள். போட்டோக்காரர் மூன்று தடவை கேமராவை நகர்த்திப் பார்த்தார், மாப்பிள்ளையும் மூன்று தடவை நகர்ந்துவிட்டார்.

ஐம்பத்தாறு வயதில் ஜீப்பை விட்டு இறங்கியதும் அவருக்கு ஓர் எண்ணம் வந்தது. உடம்பில் பாதி முப்பத்தோரு வருஷமாக ஆகாயத்தில்தான் இருந்திருக்கிறது. மீதிப் பாதியையும் ஏற்றிவிட்டால் என்ன?

இப்படித்தான் ஒரு மனிதர் விமானம் கட்டத் தொடங்கினார். வரைபடம் தபாலில் வந்தது. சொந்தமாக வைத்திருந்த இரண்டு ஜீப்பும் போய் ஓர் எஞ்சின் வந்தது. கோம்பைக்குப் போகிற வழியில், அழகுமலை என்பவருடைய திராட்சைக் கொட்டகையில் அலுமினியக் குழாய்களை அடுக்கி, துணி இறக்கை கட்டி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட்டும் ஜீப்புக்கு இருப்பதுபோல இடுப்பளவுக் கதவும் வைத்து ஆறு வருஷம் வேலை நடந்தது. அனுமதிக்காக எழுதிய காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஏறியிருந்தாலே பாதி உயரம் போயிருக்கலாம். அனுமதியும் கிடைத்தது. வால் பகுதியில் பெயிண்டர் பழக்க தோஷத்தில் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதிவிட்டுப் போனான். அழிக்க மனம் வரவில்லை, எழுத்து நன்றாக இருந்தது.

கடைசியாக மிஞ்சியது சுவிட்சு வேலை. அதற்குக் கம்பத்து முத்துக்கருப்பனைக் கூப்பிட்டார். மலையேறும் எந்த ஜீப்பின் முகப்பைத் திறந்தாலும் உள்ளே ஓடும் வயர் முத்துக்கருப்பன் இழுத்ததாகத்தான் இருக்கும். விமானத்தை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டு அவன் கேட்டான்:

"எத்தன சுவிட்சுண்ணே?"

"ஏழு. மாஸ்டரு ஒண்ணு, பெட்ரோல் பம்பு ஒண்ணு, இக்னிஷன் ரெண்டு, ஸ்டாட்டரு, ரேடியோ, லைட்டு."

"இக்னிஷன் எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு நின்னுபோனா இன்னொண்ணு ஓடணும். மேல போயி ஓரங்கட்டி நிறுத்த முடியாதுல்ல?"

"அதுவும் சரிதான். ஆரன் எங்கன?"

"பிளேனுக்கு ஆரன் கெடையாதுடா."

முத்துக்கருப்பன் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தான். "ஆரன் இல்லாம எங் கடையில இருந்து ஒரு வண்டி வெளிய போனதில்ல. எதிர வர்றவன் எப்படி ஒதுங்குவான்?"

"எதிர யாருடா வருவா?"

"பருந்து வரும்ல?"

ஹாரன் எட்டாவது சுவிட்சாகச் சேர்ந்தது.

சுவிட்சு வைப்பதில் முத்துக்கருப்பனுக்குத் தனி முறை உண்டு. டேப்பு வைத்து அளக்கமாட்டான். டிரைவரை சீட்டில் ஏற்றி, ஓட்டுகிறபோது எப்படி உட்காருவாரோ அப்படி உட்காரச் சொல்வான். கண்ணை மூடச் சொல்வான். "லைட்டைப் போடுங்க" என்பான். டிரைவரின் கை தானாக எங்கே போகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு புள்ளி. புள்ளி விழுந்த இடத்தில் துளை. "கை கேக்குற எடத்துல சுவிட்ச வையி, வண்டி தானா ஓடும்" என்பது அவனுடைய படிப்பு. இருட்டிலும் பனியிலும் அவன் வைத்த சுவிட்சைத் தேடித் தடவிய டிரைவர் கிடையாது.

சின்னப்பராஜ் வலது சீட்டில் ஏறினார், ஓட்டுகிறவனுக்கு அதுதானே இடம். கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, ஓட்டுகிறபோது உட்காருகிற மாதிரியே உட்கார்ந்தார். இடது பாதி உள்ளே, வலது பாதி வெளியே. கண்ணை மூடினார். கை எட்டுத் தடவை நீண்டது, எட்டுத் தடவையும் கதவை ஒட்டி வெளியே நின்ற தூணுக்கே போனது. முத்துக்கருப்பன் எட்டுத் துளை போட்டான். நடுவில் முகப்புப் பலகை அகலமாகக் காலியாகக் கிடந்ததால் அங்கே அந்தோணியார் சொரூபம் ஒன்றும் அதைச் சுற்றி மினுக்கு விளக்கும் வைத்தார்கள்.

பங்குனி மாதம், ஈஸ்டர் முடிந்த வாரத்தில், சோதனை பார்க்க கேப்டன் விஜய்ராஜ் வந்தார். போடி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம். கடையில் உட்காரப் பிடிக்காமல் போய் முப்பது வருஷம் சரக்கு விமானம் ஓட்டிவிட்டு, ஓய்வு பெற்றுத் திரும்பி வந்தவர். வந்த முதல் மாதத்திலேயே கடையில் வேட்டிகளை அகரவரிசைப்படி அடுக்கச் சொல்லி அண்ணன் தம்பிகளோடு பேச்சு வார்த்தை நின்றுபோனது.

அவர் மூன்று மணி நேரம் டார்ச் விளக்கோடு விமானத்தின் கீழே படுத்தும் மேலே ஏறியும் பார்த்தார். ஒவ்வொரு ஆணியையும் அசைத்துப் பார்த்தார். கடைசியில், "வெல்டிங் நல்லாருக்கு" என்றார். சின்னப்பராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு கேப்டன் இடது சீட்டில் ஏறி உட்கார்ந்து, முன்னால் கையை நீட்டினார். கை அந்தோணியார் மேல் பட்டது.

"சுவிட்செல்லாம் எங்கன?"

"அந்தப் பக்கம் சார்" என்றார் சின்னப்பராஜ். "நீங்க உக்காந்திருக்கது பாசஞ்சர் சீட்டு."

"பிளேன்ல பைலட்டு இடது பக்கம்தான் உக்காருவாக."

"யாரு சொன்னா?" என்றான் முத்துக்கருப்பன்.

"உலகமே சொல்லுது."

"நம்ம நாட்டுல ஸ்டீரிங்கு வலது பக்கம் சார்."

கேப்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "சரி. நீங்க அங்கனயே உக்காருங்க, சின்னப்பராஜ். கண்ணக் கட்டுறேன். நான் சொல்லச் சொல்லத் தொடணும். மேல புகை சூழ்ந்துச்சுன்னா கண்ணு தெரியாது. விரல்தான் பாக்கணும்."

இது சின்னப்பராஜுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. லூர்து மேரியின் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு, வலது பாதியை வெளியே விட்டு உட்கார்ந்தார். கேப்டன் வேகமாகக் கேட்டார், மெதுவாகக் கேட்டார், தலைகீழாகக் கேட்டார். ஒன்றுகூடத் தப்பவில்லை. கேப்டனின் புருவம் ஏறிற்று. "எங்க கம்பெனியிலகூட இப்படித் தொட்டவன் இல்ல" என்றார். முத்துக்கருப்பன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"இப்ப பெல்ட்டப் போட்டுக் கதவ மூடுங்க."

பெல்ட்டு இன்னும் பாலிதீன் உறையைவிட்டு வெளியே வரவில்லை. லூர்து மேரி பல்லால் கடித்துப் பிரித்தாள். இரண்டு வார் தோளுக்கு, இரண்டு இடுப்புக்கு. கேப்டன் இழுத்து இறுக்கியதில் சின்னப்பராஜ் முப்பத்தேழு வருஷத்தில் முதல்முறையாக ஒரு சீட்டின் நட்டநடுவில் உட்கார்ந்தார். கதவும் மூடியது.

"பம்பு."

சின்னப்பராஜின் முழங்கை கதவில் டமாரென்று இடித்தது.

"மாஸ்டர்."

விரல் அவருடைய காதைத் தொட்டது.

"இக்னிஷன்."

எப்படியோ எட்டி எதையோ அழுத்திவிட்டார். ஹாரன் அலறியது. கொட்டகைக்குப் பின்னால் கட்டியிருந்த அழகுமலையின் இரண்டு மாடும் முளையைப் பிடுங்கிக்கொண்டு தேவாரம் ரோட்டில் ஓடின.

கேப்டன் துண்டை அவிழ்த்துவிட்டு இறங்கினார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சுவிட்ச எல்லாம் நடுவுக்குக் கொண்டாங்க. ரெண்டு சீட்டுக்கும் எட்டணும். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வடிவா இருக்கணும், விரலுக்குத் தெரியணும். மூணு வாரம் கழிச்சு வாரேன். அதுக்கு மேல போனா வைகாசிக் காத்து எறங்கிரும், அப்புறம் ஐப்பசிதான். மொதச் சுத்து நான் ஒருத்தனாப் போவேன். ரெண்டாவது சுத்துக்குப் பக்கத்து சீட்டுல வெயிட்டு வேணும். பெல்ட்டப் போட்டு, கண்ணக் கட்டிக்கிட்டு எல்லாத்தையும் தொட்டீகன்னா நீங்க வாங்க."

"தொடலேன்னா?"

"நீங்க எத்தன கிலோ?"

"எழுபது சார்."

"எழுபது கிலோ மணல் மூட்டையக் கட்டிக்கிட்டுப் போறேன். அது எதையும் தப்பாத் தொடாது."

அன்று சாயங்காலத்துக்குள் செய்தி கம்பம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டது. டீக்கடையில் சின்னப்பராஜைப் பார்த்தவர்கள், "என்னண்ணே, நீங்களா மூட்டையா?" என்று விசாரித்தார்கள். பழைய ஜீப்பு டிரைவர் ஒருவர் இன்னும் மோசம். "மூட்டைக்கு டிக்கெட்டு உண்டா, இல்ல லக்கேஜ் சார்ஜா?" என்றார். ஆறு வருஷம் கட்டியது தன் சீட்டில் மணல் போவதைத் தரையில் நின்று பார்ப்பதற்கா என்று நினைத்துச் சின்னப்பராஜ் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

முத்துக்கருப்பன் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு வரவே இல்லை. "மனுசனுக்குத் தக்கன சுவிட்சா, சுவிட்சுக்குத் தக்கன மனுசனா? எங் கையால சரியா வச்சத எங் கையாலயே புடுங்கச் சொல்றாக!" என்று கடையில் உட்கார்ந்து புலம்பினானாம். மூன்றாம் நாள் வந்தான். அந்தோணியாரிடம் மன்னிப்புக் கேட்டு அவரைச் சீட்டுக்குப் பின்னால் குடிவைத்தான். தூணிலிருந்து எட்டையும் பிடுங்கி, ஹாரனைத் தவிர மற்றதை நடுப்பலகையில் வைத்தான். பம்புக்கு டிராக்டர் திருகு, மாஸ்டருக்குப் பழைய கியர் குமிழ், இக்னிஷனுக்கு இரண்டு சைக்கிள் வால்வு மூடி என்று கடையிலிருந்த ஓட்டை உடைசலையெல்லாம் சுவிட்சுகளின் தலையில் மாட்டினான். தூணில் எட்டுத் துளை மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. "அத அப்புறம் அடச்சுக்கிரலாம்ணே" என்றான்.

சுவிட்சு நடுவுக்கு வந்துவிட்டது. சின்னப்பராஜை நடுவுக்குக் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. அந்த வேலையை லூர்து மேரி எடுத்துக்கொண்டாள். வீட்டு முற்றத்தில் நாற்காலியைப் போட்டு, அதில் அவரை உட்காரவைத்து, பழைய சேலை இரண்டால் தோளையும் இடுப்பையும் கட்டினாள். எதிரே பலகையில் சுவிட்சுக்குப் பதில் குழம்புக் கரண்டி, மூடி, சாவி என்று ஆணியடித்துத் தொங்கவிட்டாள். பிறகு அவரைக்காய் நறுக்கிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள்.

"பம்பு."

கை வலது பக்கம் காற்றைத் துழாவியது.

"அங்கன என்ன இருக்கு? ஒங்க அம்மா வீடா? நடுவுல, நடுவுல!"

"நேரா உக்காந்தா தலை சுத்துது மேரி. ஒலகமே இடது பக்கம் சாஞ்சு கெடக்கு."

"ஒலகம் நேராத்தான் இருக்கு. நீங்கதான் இம்புட்டு நாளாச் சாஞ்சு பாத்துக்கிட்டு இருந்தீக. இக்னிஷன்!"

முதல் வாரத்தில் நாற்காலி நான்கு தடவை வலது பக்கம் கவிழ்ந்தது. இரண்டாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை, பயிற்சிக்காகவே, கோவிலில் பெஞ்சின் நடுவில் போய் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் ஆட்கள். முப்பது வருஷமாக நடைபாதையில் தெரிந்துகொண்டிருந்த ஒரு தோளைக் காணாமல், சாமியார் பிரசங்கத்தை நிறுத்தி, "சின்னப்பராஜ் எங்க? ஒடம்புக்கு எதுவும் முடியலையா?" என்று கேட்டுவிட்டார். தேனிக்குப் போகும் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டின் நடுவில் உட்கார்ந்துகொண்டு போனார், வந்தார், மறுபடி போனார். கண்டக்டர் ஐந்தாவது தடவை டிக்கெட்டுக் கேட்காமல், "வீட்டுல சண்டையாண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

மூன்றாவது வாரக் கடைசியில் லூர்து மேரி கூப்பிடக் கூப்பிடக் கை நடுவுக்குப் போனது. இருபதுக்கு இருபது. நாற்காலியும் அசையவில்லை. அன்றைக்கு அவள் அவரைக்காயை விட்டுவிட்டுக் கோழி அடித்தாள்.

சொன்ன தேதியில், காலை ஏழு மணிக்கே, கேப்டன் வந்துவிட்டார். அழகுமலையின் தரிசு நிலத்தை ஓடுபாதையாகச் செதுக்கி இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு வெளியே கூட்டம் தேர் பார்க்க வந்ததுபோல நின்றது. கொட்டகை வாசலில் ஒரு கோணிச் சாக்கில் எழுபது கிலோ மணலை நிரப்பி, வாயைத் தைத்து, தயாராக வைத்திருந்தார்கள். அதன் பக்கம் திரும்பாமலே சின்னப்பராஜ் விமானத்தில் ஏறினார்.

பெல்ட்டு. கதவு. துண்டு.

"மாஸ்டர்." தொட்டார்.

"பம்பு." தொட்டார்.

"ரேடியோ. லைட்டு. ஸ்டாட்டர்." தொட்டார், தொட்டார், தொட்டார். கூட்டத்தில் விசில் பறந்தது. லூர்து மேரி முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். கேப்டன், யாரும் எதிர்பாராத நேரத்தில், சின்னப்பராஜின் காதருகே வாயைக் கொண்டுபோய்க் கத்தினார்:

"தீ! எஞ்சின்ல தீ! எல்லாத்தையும் நிறுத்து!"

அந்த ஒரு நொடியில் மூன்று வாரப் பயிற்சி கழன்று விழுந்தது, முப்பத்தோரு வருஷம் முன்னால் வந்து நின்றது. சின்னப்பராஜின் வலது கை கதவைத் தாண்டிப் பாய்ந்து, தூணில் சுவிட்சு இருந்த இடத்தைத் தேடி, ஆள்காட்டி விரலால் ஓங்கி அழுத்தியது. சுவிட்சு இல்லை. துளை இருந்தது. விரல் அடிவரைக்கும் உள்ளே போயிற்று.

வெளியே வரவில்லை.

இழுத்தார். கேப்டன் இழுத்தார். முத்துக்கருப்பன் அந்தப் பக்கத்திலிருந்து விரல் நுனியைப் பிடித்துத் தள்ளினான். லூர்து மேரி கூட்டத்தில் ஒருத்தியின் தலையில் வடிந்துகொண்டிருந்த தேங்காய் எண்ணெயை வழித்துக்கொண்டு வந்து தடவிய பிறகுதான் விரல் கழன்றது, கத்தரிக்காய் நிறத்தில்.

"எஞ்சின் எரியுது" என்றார் கேப்டன் அமைதியாக. "இறக்கை எரியுது. நீங்க ஓட்டைக்குள்ள விரல விட்டு உக்காந்திருக்கீக."

"நான் அந்த ஓட்டைய அடச்சிருக்கணும் சார், எந் தப்புத்தான்" என்றான் முத்துக்கருப்பன்.

"அடச்சிருந்தா விரல் ஒடஞ்சிருக்கும்" என்றார் கேப்டன்.

சின்னப்பராஜ் இறங்கி ஓரமாக நின்றார். கேப்டன் தனியாக ஏறி, ஓடி, எழும்பி, உத்தமபாளையம் பக்கம் ஒரு வட்டம் போட்டு, கோழி இறங்குகிற மாதிரி மெதுவாக வந்து இறங்கினார். கூட்டம் கைதட்டியது. ஆறு வருஷ வேலை பறந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும் என்று சின்னப்பராஜுக்குத் தெரிந்தது. அடுத்த சுற்று மூட்டைக்கு.

மூட்டையை அவர்தான் தூக்கினார். வேறு யாரும் தொடுவதை அவர் விரும்பவில்லை. வலது சீட்டுக்கு முன்னால் இருந்த, விமானத்தைத் திருப்புகிற ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு, தான் உட்கார வேண்டிய சீட்டில் மூட்டையை நிமிர்த்தி வைத்து, தன் தோளில் கிடக்க வேண்டிய பெல்ட்டை அதன் தோளில் போட்டு இறுக்கினார். நன்றாக, மனசாட்சியோடு இறுக்கினார்.

"மூட்டை எப்படி நேரா உக்காந்திருக்கு பாத்தீகளா!" என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னான். "பயிற்சியே எடுக்கல."

"மாலை போடலையாப்பா?"

"ஏலே, வாயப் பொத்துறியா!" என்று லூர்து மேரி திரும்பி ஒரு சத்தம் போட்டதில் கூட்டம் முழுவதும் அடங்கியது.

விமானம் எழும்பியது. முதல் வட்டம் அழகாகத்தான் போனது. இரண்டாவது வட்டத்தில் வாலில் எரிந்த விளக்கு அணைந்தது. கொட்டகையில் அழகுமலையின் கையிலிருந்த ரேடியோவில் கேப்டன் ஏதோ சொல்லத் தொடங்கினார், "சின்னப்பராஜ், இந்த மூட்டை..." என்பதோடு அதுவும் அணைந்தது. விமானம் மலைப்பக்கம் திரும்பித் தாழ்வாக வந்தபோது, பார்த்துக்கொண்டிருந்த பழைய ஜீப்பு டிரைவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் "ஆத்தாடி!" என்றார்கள். இடது பக்கக் கதவுக்கு மேலே கேப்டனின் ஒரு தோளும் ஒரு காதும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன.

அப்படியே, பாதி உள்ளே பாதி வெளியே, அவர் வந்து இறங்கினார். இறங்கிய இடத்தில் சுண்ணாம்புக் கோடு கொஞ்சம் கலைந்தது, வேறு சேதம் இல்லை.

ஓடிப்போய்ப் பார்த்தார்கள். எஞ்சினின் அதிர்வில் சாக்கில் மணல் கீழே கீழே இறங்கி, மேல்பாதி தொய்ந்து, பெல்ட்டு தளர்ந்து, மூட்டை இடது பக்கம் சாய்ந்துவிட்டது. சாய்ந்தது நடுப்பலகையின் மேல். சரியாக இரண்டு சீட்டுக்கும் எட்டுகிற இடத்தில் கேப்டன் வைக்கச் சொன்ன சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அழுத்திவிட்டு, மீதி எடையைக் கேப்டனின் தோளில் போட்டுக்கொண்டு, தூங்குகிற பயணியைப்போலக் கிடந்தது.

"லைட்ட அணச்சிருச்சு" என்றார் கேப்டன், மூச்சு வாங்கிக்கொண்டே. "ரேடியோவ அணச்சிருச்சு. ரெண்டு இக்னிஷன்ல ஒண்ண அணச்சிருச்சு. அடுத்ததுக்குப் போறதுக்குள்ள எறங்கிட்டேன்."

நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். கேப்டன் அதில் பாதிதான் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்த லூர்து மேரி அதைக் கவனித்து முத்துக்கருப்பனின் விலாவில் இடித்தாள்.

தண்ணீரைக் குடித்து முடித்ததும் கேப்டன், "சின்னப்பராஜ்" என்றார்.

"சார்."

"மூட்டை ஃபெயில்."

"நானும் ஃபெயிலுதானே சார்?"

"நீங்களும் ஃபெயில்தான். ஆனா நீங்க சாஞ்சா வெளியதான் சாய்வீக. எம் மேல வந்து விழமாட்டீக." சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தார். "ஏறுங்க. ரெண்டு கையும் முழங்கால் மேல இருக்கணும். எதையும் தொடக்கூடாது. ஓட்டுறதா நெனைக்கக்கூடாது. நீங்க இப்ப எழுபது கிலோ, அம்புட்டுத்தான். ஐப்பசியில மறுபடி கண்ணக் கட்டிப் பாப்போம்."

சின்னப்பராஜ் மூட்டையை இறக்கிவிட்டு ஏறினார். பெல்ட்டை இறுக்கிக்கொண்டார். இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்தார். எஞ்சின் உறுமியது, சக்கரம் தரையை விட்டது. கீழே லூர்து மேரி கையெடுத்துக் கும்பிடுவதா கை அசைப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்துகொண்டு நின்றாள்.

கால் மணி நேரம் பறந்தார்கள். சுருளிப் பக்கம் போனார்கள், கம்பத்தின் மேலே திரும்பினார்கள், திராட்சைத் தோட்டங்களைத் தாண்டி வந்தார்கள். மலைப்பாதையில் ஜீப்புகள் எறும்பு ஊர்வதுபோல ஊர்ந்தன என்று பிற்பாடு கேப்டன்தான் எல்லோரிடமும் சொன்னார். இறங்கியதும் கூட்டம் சின்னப்பராஜைச் சூழ்ந்துகொண்டது.

"மேல எப்படிண்ணே இருந்துச்சு?"

"வீக்கமா இருந்துச்சு" என்றார் விரலைக் காட்டி.

"அதில்லண்ணே, மேல என்ன தெரிஞ்சது?"

"முழங்காலு."

"என்னது?"

"கையப் பாத்துக்கிட்டே இருந்தேன்டா. கண்ண எடுத்தா வலது பக்கம் ஓடிருமோன்னு பயம்."

லூர்து மேரி தலையில் அடித்துக்கொண்டாள். "ஒங்க முழங்காலப் பாக்கவா ஆறு வருசம் அலுமினியத்தத் தட்டுனீக? அத நான் வீட்டுலயே காட்டியிருப்பேனே!"

சின்னப்பராஜ் காதில் வாங்கவில்லை. கேப்டன் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பதை அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார். சரக்கு விமானக் காலத்திலிருந்து கேப்டன் எதையும் இரண்டு வரிக்கு மேல் எழுதுவதில்லை. 'இரண்டாம் பறப்பு. வலது இருக்கை: மணல் மூட்டை, 70 கிலோ. சாய்ந்தது' என்று இருந்தது. அதற்குக் கீழே, மை காயாமல்: 'மூன்றாம் பறப்பு. வலது இருக்கை: சின்னப்பராஜ், 70 கிலோ. சாயவில்லை.'

"சார், அந்தப் பக்கத்த ஒரு போட்டோ எடுத்துக்கிறட்டுமா?"

"எதுக்கு?"

"டீக்கடையில காட்டணும்" என்றார் சின்னப்பராஜ். வீங்கிய விரலால் போனைத் தடவித் தடவிப் பார்த்தார், அது திறக்கவில்லை. முத்துக்கருப்பன் வாங்கி எடுத்துக் கொடுத்தான்.